தப்பான விடையை வைத்தே எந்தப் படியில் சறுக்கல் என்று கண்டுபிடிப்பது எப்படி? (5 முதல் 7ஆம் வகுப்புக் கணக்குகள்)

சிலேட்டுப்பலகை கேட்டது:

விடை தப்பாக வந்தால் "மறுபடி போடு" என்று சொல்வதைத் தவிர வேறு என்ன செய்யலாம்? மறுபடி போட்டால் அதே தப்பு அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கிறது. விடைத்தாள்களில் இருந்தபடியே கீழே தருகிறேன்.

1) 5002 − 1467 = 4465 என்று ஒருவர், 3645 என்று இன்னொருவர்
2) 4236 ÷ 4 = 159
3) 2/3 + 3/4 = 5/7
4) 5 1/4 − 2 2/3 = 2 5/12
5) 12 − 3 × 2 + 4 = 2 என்று ஒருவர், 22 என்று இன்னொருவர்
6) 3.5 × 0.04 = 0.014
7) ஓர் எண்ணை 20% குறைத்தால் 480 வருகிறது. அந்த எண் என்ன? எழுதிய விடை: 576

சரியான விடைகள் முறையே 3535, 1059, 1 5/12, 2 7/12, 10, 0.14, 600. அது பிரச்சினை இல்லை. இவர்கள் எந்தப் படியில் வழுக்கினார்கள், அந்தப் படியை எப்படி எழுத வைப்பது என்றுதான் தெரிய வேண்டும். குறுக்குவழி வேண்டாம். "நிறையப் பயிற்சி கொடுங்கள்" என்ற பதிலும் தயவுசெய்து வேண்டாம்.

---

கடன்வாங்கி பதில்:

முதல் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலேயே பேச நிறைய இருக்கிறது.

4465, 3645 இரண்டும் ஒரே தப்பு இல்லை. ஒரே மருந்து கொடுத்தால் ஒருவருக்கும் குணமாகாது.

4465 எழுதியவர் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார். 7-ல் 2 போக 5, 6-ல் 0 போக 6, 4-ல் 0 போக 4, 5-ல் 1 போக 4. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்றே பார்க்கவில்லை. அதற்காக இவருக்குக் கடன் வாங்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 52 − 17 கொடுத்துப் பாருங்கள். 35 என்று எழுதினால் கடன் வாங்கத் தெரிகிறது. பக்கத்து இடத்தில் 0 இருந்ததால் வாங்க ஆளில்லாமல் கைவிட்டிருக்கிறார். 45 என்று எழுதினால் கடன் வாங்குவதையே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

3645 எழுதியவருக்குக் கடன் வாங்கத் தெரியும். 5-ஐ 4 ஆக்கிவிட்டு மற்ற எல்லா இடத்துக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்திருக்கிறார்: 12 − 7 = 5, 10 − 6 = 4, 10 − 4 = 6, 4 − 1 = 3. சரியான விடையைவிட 110 அதிகம். அந்த 110 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நூறுகள் இடம் தன் பத்தில் ஒன்றைப் பத்துகள் இடத்துக்குக் கொடுத்தது, ஆனால் தன்னிடம் குறைத்துக்கொள்ளவில்லை: அது 100. பத்துகள் இடம் ஒன்றை ஒன்றுகள் இடத்துக்குக் கொடுத்தது, அங்கேயும் குறையவில்லை: அது 10.

உங்கள் பட்டியலில் இல்லாத மூன்றாவது விடையும் வரும்: 4535. இது சரியாக 1000 அதிகம். நடுவில் எல்லாம் ஒழுங்காக 9 போட்டுவிட்டு 5-ஐ 4 ஆக்க மறந்தது.

ஆக முதல் வேலை, தப்பான விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிப் பார்ப்பது. வித்தியாசம் 10, 100, 110, 1000 மாதிரி வந்தால் கடன் கணக்கில் கோளாறு. 1, 2 என்று வந்தால் கழித்தல் வாய்ப்பாட்டில் கோளாறு. 930 மாதிரி ஒழுங்கே இல்லாமல் வந்தால் (4465 − 3535) ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டியதுதான்.

எழுத வைக்க வேண்டிய படி இது. அடித்து அடித்து மேலே எழுதக் கூடாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வரி:

5 ஆயிரம், 0 நூறு, 0 பத்து, 2 ஒன்று
4 ஆயிரம், 10 நூறு, 0 பத்து, 2 ஒன்று
4 ஆயிரம், 9 நூறு, 10 பத்து, 2 ஒன்று
4 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 12 ஒன்று

எந்த வரியைக் கூட்டினாலும் 5002 வர வேண்டும். கடைசி வரியைக் கூட்டச் சொல்லுங்கள்: 4000 + 900 + 90 + 12. 3645 எழுதியவரின் வரி 4 ஆயிரம், 10 நூறு, 10 பத்து, 12 ஒன்று. அதைக் கூட்டினால் 5112. இல்லாத 110 எங்கே முளைத்தது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

"நடுவில் இருக்கும் 0 எல்லாம் 9 ஆகும்" என்று விதியாக மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். 6010 − 2345 கொடுத்தால் அது உடையும். இங்கே பத்துகள் இடத்து 1 கடன் கொடுத்து 0 ஆகிறது, பிறகு தானே கடன் வாங்கி 10 ஆகிறது. விதியை மனப்பாடம் செய்தவர் அங்கேயும் 9 போட்டு 3655 என்பார். சரியான விடை 3665.

சோதிக்க வரிசை: 52 − 17, பிறகு 402 − 158, பிறகு 5002 − 1467, கடைசியில் 6010 − 2345. எந்தக் கணக்கில் முதலில் உடைகிறதோ அங்கேதான் பாடம். அதற்கு முன்னால் உள்ளதைத் திரும்பச் சொல்லித் தருவது வீண்.

சரிபார்க்க, கழித்தலை இன்னொரு முறை போடாமல் ஏறிப் போகச் சொல்லுங்கள்: 1467-லிருந்து 1500-க்கு 33, 2000-க்கு 500, 5000-க்கு 3000, 5002-க்கு 2. மொத்தம் 3535.

---

ஈவும் மீதியும் பதில்:

இரண்டாவது கணக்கு. 159-ல் தொலைந்தது ஒரு 0.

4236 ÷ 4 தொடங்கும் முன்பே ஈவு எத்தனை இலக்கம் என்று முடிவு செய்ய வையுங்கள். முதல் இலக்கம் 4, அதில் 4 ஒரு தடவை போகும். ஆகவே ஈவு ஆயிரங்கள் இடத்திலேயே தொடங்குகிறது, நான்கு இலக்கம். கோட்டுக்கு மேலே 4, 2, 3, 6 ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு ஆரம்பித்தால், 159 எழுதி முடித்தவருக்கு ஒரு கோடு காலியாக நிற்பது தெரியும்.

படிகள்:
4-ல் 4 ஒரு தடவை. ஈவில் 1. மீதி 0.
2-ஐ இறக்கு. 2-ல் 4 போகாது. ஈவில் 0. மீதி 2.
3-ஐ இறக்கு, 23. 4 × 5 = 20. ஈவில் 5. மீதி 3.
6-ஐ இறக்கு, 36. 4 × 9 = 36. ஈவில் 9. மீதி 0.

இரண்டாவது வரியில்தான் எல்லோரும் விழுகிறார்கள். "போகாது, அடுத்ததையும் இறக்கு" என்று நாம் வாயால் சொல்வதே காரணம். அந்த வாக்கியத்தில் 0 இல்லை. "போகாது, 0 போடு, அடுத்ததை இறக்கு" என்று மாற்றிச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் கீழே இறங்கினால் ஓர் இலக்கம் மேலே ஏற வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது.

கடைசி 0-விலும் இதே கதை. 6120 ÷ 6: 6-ல் 1, 1-ல் 0, 12-ல் 2, மீதி 0. "மீதி 0 வந்துவிட்டது, முடிந்தது" என்று 102-ல் நிறுத்திவிடுவார்கள். இறக்க வேண்டிய 0 இன்னும் ஒன்று பாக்கி. 1020.

ஈரிலக்க எண்ணால் வகுக்கும்போது வரும் ஒரு விசித்திரமான விடையையும் சொல்லிவிடுகிறேன், விடைத்தாளில் பார்த்தால் குழம்பிப் போவீர்கள். 2592 ÷ 36 = 72. சிலர் 612 என்று எழுதுவார்கள். எப்படி என்றால், 259-ல் 36 ஆறு தடவை என்று 6 போட்டு 216-ஐக் கழிக்கிறார், மீதி 43. "43-ல் இன்னும் ஒரு தடவை போகுமே" என்று பக்கத்தில் 1 போடுகிறார், மீதி 7. 2-ஐ இறக்கி 72, அதில் 2. ஆக 6, 1, 2. அந்த 6-ம் 1-ம் ஒரே இடத்துக்கு உரியவை, கூட்டினால் 7. கணக்கிட்டதில் தப்பே இல்லை, எழுதிய இடத்தில்தான் தப்பு. மீதி 43 என்பது 36-ஐவிடப் பெரிது என்று பார்த்த உடனே 6-ஐ அழித்து 7 ஆக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு கழித்தலுக்கும் பக்கத்தில் "43 < 36?" என்று எழுதிப் பார்க்க வைத்தால் போதும். கூடவே ஓரத்தில் 36, 72, 108, 144, 180, 216, 252, 288, 324 என்று மடங்குகளை முதலிலேயே எழுதிவிட்டால் ஊகிக்கும் வேலையே இல்லை. நேரம் ஆகும்தான். ஊகித்து அடித்துத் திருத்துவதைவிடக் குறைவு.

---

பாகம்பிரிப்பவர் பதில்:

பின்னக் கணக்கு இரண்டுக்கும் நான்.

5/7-ஐத் தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவரே சொல்லட்டும். 5/7, 3/4 இரண்டில் எது பெரியது? குறுக்கே பெருக்கினால் 5 × 4 = 20, 3 × 7 = 21. 3/4 தான் பெரியது. 3/4-உடன் 2/3-ஐக் கூட்டிய பிறகு 3/4-ஐவிடக் குறைந்துவிட்டதா? இதுவும் எட்டாவிட்டால் 1/2 + 1/2-ஐ அவர் முறையிலேயே போடச் சொல்லுங்கள். 2/4 வரும், அது திரும்பவும் 1/2.

பகுதி என்பது துண்டின் அளவைச் சொல்கிறது, தொகுதி என்பது எத்தனை துண்டு என்று எண்ணுகிறது. அளவு வேறாக இருக்கும்வரை எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. அதனால்தான் பகுதியைச் சமமாக்குகிறோம்:

3, 4-ன் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12
2/3 = (2 × 4)/(3 × 4) = 8/12
3/4 = (3 × 3)/(4 × 3) = 9/12
8/12 + 9/12 = 17/12 = 1 5/12

நடு இரண்டு வரியைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் வருவது 5/12. பகுதியை 12 ஆக்கிவிட்டுத் தொகுதியை அப்படியே விட்ட விடை அது (2/12 + 3/12). 5/7-ம் 5/12-ம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நோய் வேறு. முதலாமவருக்குப் பொதுப் பகுதி எதற்கு என்றே தெரியாது. இரண்டாமவருக்கு அது தெரியும், சமான பின்னம்தான் தெரியாது.

பகுதிகளை நேராகப் பெருக்கினாலும் விடை வரும், எண்கள்தான் வீங்கும். 5/12 + 7/18: பெருக்கினால் (90 + 84)/216 = 174/216, பிறகு சுருக்கணும். மீ.சி.ம. 36 எடுத்தால் 15/36 + 14/36 = 29/36, சுருக்க ஒன்றும் இல்லை. மீ.சி.ம. வராதவரைத் தடுத்து நிறுத்தாதீர்கள், பெருக்கியே போடட்டும். மீ.சி.ம. தனிப் பாடம்.

இன்னொரு பொறி, பெருக்கலில் குறுக்கே வெட்டிப் பழகிய கை கூட்டலிலும் வெட்டும். 3/4 × 8/9-ல் 3-ஐயும் 9-ஐயும், 4-ஐயும் 8-ஐயும் வெட்டலாம், 2/3 வரும். 3/4 + 8/9-ல் அதே மாதிரி வெட்டினால் 1 + 2/3 = 1 2/3. சரியான விடை 27/36 + 32/36 = 59/36, அதாவது 1 23/36. வித்தியாசம் வெறும் 1/36! தோராயமாகச் சரிபார்த்தால் பிடிபடவே பிடிபடாது, படியைப் பார்த்தால்தான் தெரியும். கூட்டல் குறியின் இரு பக்கமும் வெட்டக் கூடாது. ஒரே பின்னத்தின் மேலும் கீழும் வெட்டலாம். அவ்வளவுதான் விதி.

நான்காவது கணக்கு. மேலே கடன்வாங்கி எழுதியதன் தொடர்ச்சிதான் இது.

5 1/4 − 2 2/3 = 5 3/12 − 2 8/12. 3-லிருந்து 8 போகாது. 5-லிருந்து 1 கடன். அந்த 1-ஐ 10 ஆக்கிவிட்டார்: 4 13/12 − 2 8/12 = 2 5/12. முழு எண் கழித்தலில் 1 கடன் வாங்கினால் எப்போதும் 10 வந்ததால் இங்கேயும் 10. இங்கே 1 என்பது 12/12. 4 15/12 − 2 8/12 = 2 7/12.

கவனியுங்கள், 3 5/12 என்ற விடையும் வரும். அது 4465 எழுதியவரின் தப்பு: 8-லிருந்து 3-ஐக் கழித்துவிட்டார், கடனே வாங்கவில்லை. இரண்டிலும் 5/12 வருவது தற்செயல் (13 − 8, 8 − 3). முழு எண்ணைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்: 2 என்றால் கடன் வாங்கினார், 3 என்றால் வாங்கவில்லை.

தகா பின்னமாக்கிப் போட்டால் கடனே வேண்டாம்: 21/4 − 8/3 = 63/12 − 32/12 = 31/12 = 2 7/12. முழு எண் சின்னதாக இருக்கும்வரை இதுவே நல்லது. 47 1/4 மாதிரி வந்தால் கடன் வழிதான் சுலபம்.

---

வரிசைக்காரன் பதில்:

5-க்கும் 6-க்கும் சுருக்கமா சொல்லிடறேன்.

22 எழுதினவங்க இடமிருந்து வலமா அப்படியே போயிருக்காங்க: 12 − 3 = 9, 9 × 2 = 18, 18 + 4 = 22. பெருக்கல் முதல்ல என்கிறதே தெரியாது. இது லேசான கேஸ்.

2 எழுதினவங்கதான் பாடம் படிச்சவங்க! போட்மாஸ்ல (எந்தச் செயலை முதல்ல போடணும்னு நினைவு வைக்கிற BODMAS சுருக்கம்) கூட்டல் எழுத்து முன்னாடி வருது, கழித்தல் எழுத்து பின்னாடி வருது. அதனால 6 + 4 = 10-ஐ முதல்ல போட்டு 12 − 10 = 2. கூட்டலும் கழித்தலும் ஒரே தகுதி, இடப்பக்கம் எது முதல்ல வருதோ அதைப் போடணும். வகுத்தலும் பெருக்கலும் அதே மாதிரி. 24 ÷ 4 × 2 கொடுங்க. 12 சரி. 3 எழுதினா பெருக்கலை முதல்ல போட்டிருக்காங்க.

மாத்த வழி: + − குறிக்கு முன்னாடி ஒரு செங்குத்துக் கோடு போடச் சொல்லுங்க. 12 | − 3 × 2 | + 4. குறி எப்பவும் பின்னாடி வர்ற எண்ணோட ஒட்டினது. ஒவ்வொரு துண்டையும் தனியா முடிச்சா 12 | − 6 | + 4. இப்ப 6 + 4-ஐச் சேர்க்க மனசு வராது, ஏன்னா அந்த 6-க்கு முன்னாடி − ஒட்டிக்கிட்டு நிக்குது.

இன்னொண்ணு, விடை சரியா இருந்தாலும் "3 × 2 = 6 = 12 − 6 = 6 + 4 = 10" னு ஒரே வரியில ஓட்டி எழுதினா விடாதீங்க. சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஒரே மதிப்பு இருக்கணும். இப்படி எழுதிப் பழகினவங்க சமன்பாடு வரும்போது திண்டாடுவாங்க. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு.

தசமம்: 35 × 4 = 140. புள்ளிக்கு அப்புறம் 1 இலக்கம், இன்னொண்ணுல 2, மொத்தம் 3. 140-ல மூணு எண்ணினா 0.140, அப்புறம் கடைசி 0-ஐ விடலாம், 0.14. இவங்க 0-ஐ முதல்லயே விட்டுட்டு 14-ல மூணு எண்ணியிருக்காங்க. புள்ளி வச்ச பிறகுதான் 0-ஐத் தூக்கணும், வரிசை மாறக் கூடாது. சரிபார்க்க: 0.04-ஐ 3-ஆல பெருக்கினா 0.12, 4-ஆல பெருக்கினா 0.16. 3.5-க்கு விடை நடுவுல இருக்கணும்.

4.2 ÷ 0.06-ம் கொடுத்துப் பாருங்க. 7 வந்தா ரெண்டு எண்லயும் புள்ளியை மட்டும் தூக்கிட்டு 42 ÷ 6 போட்டிருக்காங்க. ரெண்டையும் ஒரே எண்ணால, அதாவது 100-ஆல பெருக்கணும்: 420 ÷ 6 = 70.

---

இலக்கக்கூட்டல் பதில்:

யாரும் ஒன்பதால் சரிபார்ப்பதைச் சொல்லவில்லையே. இலக்கங்களைக் கூட்டி ஓரிலக்கம் ஆக்குங்கள், 9 வந்தால் 0. 5002 → 7. 1467 → 18 → 9 → 0. 7 − 0 = 7. விடை 3535 → 16 → 7, பொருந்துகிறது. 4465 → 19 → 10 → 1, பொருந்தவில்லை. 3645 → 18 → 0, பொருந்தவில்லை. 4535 → 17 → 8, அதுவும் இல்லை. மூன்று தப்பும் பத்து விநாடியில் மாட்டிக்கொள்கின்றன.

---

ஈவும் மீதியும் பதில்:

கழித்தலுக்குச் சரி. என் கணக்கில் போட்டுப் பாருங்கள். 4236 → 15 → 6. 159 → 15 → 6, 6 × 4 = 24 → 6. பொருந்துகிறது! 1059-க்கும் அதே 6 தான். 0-ஐக் கூட்டினாலும் விட்டாலும் இலக்கக் கூடுதல் மாறாது, ஆகவே ஈவில் 0 தொலைந்தால் இந்த முறைக்குக் கண் தெரியாது. 35-ஐ 53 என்று மாற்றி எழுதினாலும் அப்படியே. தசமப் புள்ளி இடம் மாறினாலும் அப்படியே. வகுத்தலில் ஈவையும் வகுஎண்ணையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்: 159 × 4 = 636, 4236 எங்கே, 636 எங்கே.

பொருந்தாவிட்டால் நிச்சயம் தப்பு. பொருந்தினால் சரி என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், அதனால்தான் நான் சொல்லாமல் விட்டேன்.

---

சிலேட்டுப்பலகை:

எல்லோருக்கும் நன்றி. 7-வது கணக்கு அப்படியே நிற்கிறது. கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "6 பேர் ஒரு வேலையை 10 நாளில் முடித்தால் 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?" இதற்கு 25 என்று விடை.

---

நூற்றுக்குநூறு பதில்:

576 எப்படி வந்தது: 480-ல் 20% = 96, 480 + 96 = 576. குறைத்ததைத் திரும்பக் கூட்டினால் பழைய எண் வந்துவிடும் என்ற எண்ணம். அவர் விடையை அவர் கணக்கிலேயே திருப்பிப் போடச் சொல்லுங்கள். 576-ல் 20% = 115.2. கழித்தால் 460.8. 480 வரவில்லை.

குறைத்த 20% பழைய எண்ணின் 20%. கூட்டிய 20% புது எண்ணின் 20%. ஆகவே சதவீதக் கணக்கில் முதல் வரி எப்போதும் "100% = எது?" என்பதாக இருக்கட்டும். இங்கே 100% = தெரியாத பழைய எண். 20% போனால் மீதி 80%. அந்த 80% தான் 480.

80% → 480
1% → 480 ÷ 80 = 6
100% → 600

1% வரியைத் தாண்ட வேண்டாம். 0.8-ஆல் வகுத்தாலும் அதே விடைதான், ஆனால் ஏன் வகுக்கிறோம் என்பது அதில் தெரியாது.

இந்தப் புரிதல் வந்துவிட்டதா என்று பார்க்க: 100-ஐ 20% ஏற்றி, பிறகு 20% இறக்கினால்? 120, பிறகு 96. அடுத்து, 400-ஐ 25% ஏற்றினால் 500. திரும்ப 400-க்கு வர எத்தனை சதவீதம் இறக்க வேண்டும்? 25 என்றால் இன்னும் வரவில்லை. 500-ல் 100 என்பது 20%.

ஆள்-நாள் கணக்கு: 10 × 15 ÷ 6 = 25. இப்படித்தான் அவர் போட்டிருக்கிறார். நேர் விகிதம் என்று எடுத்துக்கொண்டு குறுக்கே பெருக்கியது. கணக்கைத் தொடும் முன் "ஆள் கூடினால் நாள் கூடுமா, குறையுமா?" என்று ஒரு வரி எழுத வையுங்கள். "குறையும்" என்று எழுதியவர் 25-ஐப் பார்த்துத் தானே திடுக்கிடுவார். பிறகு ஒரே ஆள் வரி:

6 பேர் → 10 நாள்
1 ஆள் → 6 × 10 = 60 நாள்
15 பேர் → 60 ÷ 15 = 4 நாள்

நடு வரியில் பெருக்கணுமா வகுக்கணுமா என்பதுதான் முழுக் கணக்கும். ஆறு பேர் வேலையை ஒருவரே செய்தால் அதிக நாள், ஆகவே பெருக்கல்.

இதில் தேறியவருக்கு இன்னொன்று கொடுங்கள்: ஒரு மரக்கட்டையை 3 துண்டாக வெட்ட 12 நிமிடம் ஆகிறது, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே நேரம். அதே மாதிரி இன்னொரு கட்டையை 6 துண்டாக வெட்ட? விகிதத்தில் ஊறியவர்கள் 24 என்பார்கள். 3 துண்டுக்கு 2 வெட்டு, ஒரு வெட்டுக்கு 6 நிமிடம். 6 துண்டுக்கு 5 வெட்டு, 30 நிமிடம். படம் வரைந்து வெட்டுகளை எண்ணச் சொன்னால் 24 சொன்னவர் தானே திருத்திக்கொள்வார். படம் வரையாமல் விளக்கினால் நேரம்தான் போகும்.